எழுதியிருந்தால் உண்டு

எங்கள் ஊர் நூலகத்தில் வேலை பார்த்த அந்த அம்மா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சிரித்தும் பார்த்ததில்லை. யார் வந்து எதைக் கேட்டாலும் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "எங்க எழுதியிருக்கு?" எழுதியிருக்கிற இடத்தைக் காட்டிவிட்டால் போதும், எந்தத் தடை வந்தாலும் அந்தக் காரியம் நடந்துவிடும். காட்ட முடியாவிட்டால் கேட்டவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நடக்காது.

ஊரில் செல்வாக்கான ஒருவர் மகள் சடங்குக்காக ஆள் அனுப்பினார்.

"ஐயா வூட்டு விசேஷம்மா. சேர் இருபது அனுப்பச் சொன்னாரு."

"எங்க எழுதியிருக்கு?"

"இன்னாம்மா இது, ஐயா வாயால சொல்றாரு, எழுதுன்னா எப்புடி?"

"நூலகச் சேவையில நாற்காலி இல்லை. நூல் வேணும்னா எடுத்துட்டுப் போங்க. அட்டை இருக்கா?"

வந்தவன் வெறுங்கையோடு போனான். அவன் புத்தகமும் எடுக்கவில்லை என்பதில்தான் அந்த அம்மாவுக்கு வருத்தம் என்று எனக்குத் தோன்றியது.

ஒரகடம் கூட்டுச்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், பஞ்சர் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கிளை நூலகம். ஒன்றரை அறை. புதுக்கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு லாரி போகும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடும். அந்த நூலகத்துக்கு ஒருநாள் மேலிடத்திலிருந்து வேனில் ஒரு தகரப் பலகை வந்தது. 'நூலகச் சேவைகள்' என்று தலைப்புப் போட்டு, வரிசையாகப் பதினாறு சேவைகள். எங்கள் நூலகத்தில் அவ்வளவு அகலமான சுவர் கிடையாது. இருந்த ஒரே பெரிய ஜன்னலின் மேல் வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து உள்ளே வெளிச்சம் போய்விட்டது. சேவைகள் வந்துவிட்டன.

மற்ற ஊர்களிலும் அதே பலகை போயிருக்கும். மாட்டிவிட்டு மறந்திருப்பார்கள். அந்த அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, பதினாறையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தார். ஆள் அவர் ஒருவர்தான்.

இணையச் சேவை என்று இருந்தது. கம்ப்யூட்டர் இருந்தது, இணையம் இல்லை. அதனால் என்ன, தினமும் காலையில் துணியால் துடைத்து ஆன் செய்து வைப்பார். கேட்டு வந்தவர்களை மரியாதையாக அதன் முன்னால் உட்கார வைப்பார். அரை மணி நேரம் ஆனதும், "உங்க நேரம் முடிஞ்சுது" என்று எழுப்புவார். மாலையில், 'இணையம் வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

சொந்த நூல் படிப்பகம் என்று இன்னொன்று. அவரவர் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கலாம். நைட் ஷிப்ட் முடித்து வருகிற பையன்கள், ஆறு பேர் படுக்கிற ரூமில் பகலில் தூக்கம் வராமல், ஃபேனுக்காகவே ஏதோ ஒரு பழைய கைடைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்ததும் மேஜைமேல் தலை சாய்ந்துவிடும். அந்த அம்மா போய் மேஜையை விரலால் தட்டுவார். "புத்தகம் திறந்திருக்கணும்." அவர்கள் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவார்கள். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். கண்ணும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்குக் கதை. பூதம் வந்தது, ராஜகுமாரியைத் தூக்கியது, எல்லாவற்றையும் கரண்ட் பில் படிக்கிற குரலில்தான் சொல்வார். முகத்தில் ஒரு அசைவு இருக்காது. பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்கும். உள்ளூர் வரலாற்றுச் சேகரிப்பு என்ற வரிக்காக ஊரில் வீடு வீடாகப் போய், பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கல்யாணப் பத்திரிகைகள்தான் கிடைத்தன. அவற்றைத் தேதிவாரியாக ஒட்டி ஒரு பெரிய புத்தகம் செய்தார். அதைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்கள், தாங்கள் பங்காளிகள் என்று தெரிந்துகொண்டு, அன்றைக்கே சண்டையும் போட்டுக்கொண்டன. வரலாறு என்றால் இதுதானோ என்னவோ.

நான் அதுவரை நூலகத்துக்குப் போகிற ஆளே இல்லை. ஆறாவதோடு நின்றவள். ஆனால் கண்ணில் படுகிற எழுத்தை விடமாட்டேன். கோவிலில் ட்யூப் லைட்டின்மேல் உபயம் யாரென்று எழுதியிருப்பதைக்கூட எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்துவிட்டுத்தான் அடுத்த சன்னதிக்கு நகர்வேன். ஒரு சனிக்கிழமை பெருமாளைச் சேவித்துவிட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நூலகத்துக்குள் ஒதுங்கினேன். செருப்பை வெளியே விட்டு, துளசியைத் தலைப்பில் முடிந்துகொண்டு நின்றபடி அந்தப் பலகையைப் படித்தேன். ஒன்பதாவது வரியில் நின்றுவிட்டேன்.

"இது இன்னாம்மா, ஒன்பதாவது?"

"பார்வைத்திறன் குறைந்தோருக்கான வாசிப்புச் சேவை."

"அப்டீன்னா?"

"கண் தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டுறது."

"யாரு படிப்பாங்க?"

அந்த அம்மா பலகையைத் திரும்பிப் பார்த்தார். "யாருன்னு எழுதலை. இங்க நான் மட்டும்தான் இருக்கேன். யாருக்கு வேணும்?"

"எங்க வூட்டுக்காரருக்கு" என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். லைனில் வருகிற ஒவ்வொரு பீஸையும் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லை, நெளிசல் இல்லை என்றால் ஓகே முத்திரை குத்துகிற வேலை. மயிரிழை அளவு கீறல் அவர் கண்ணுக்குத் தப்பாது. சர்க்கரை வியாதி அவர் உடம்பில் வேறு எதையும் தொடவில்லை. அந்தக் கண்ணைத்தான் தேடிப் பிடித்தது. பெருமாள் போடுகிற கணக்கு நமக்குப் புரிகிறதா என்ன.

வேலை போனதும் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சுவரா ஜன்னலா என்று தெரியாது அவருக்கு. ஆனாலும் சுவர்ப்பக்கம்தான் திரும்பி உட்காருவார். குளி என்றால் குளிப்பதில்லை. சாப்பாட்டில் பாதி தட்டிலேயே இருக்கும். தினமும் பேப்பர் படித்த மனிதர் என்று சொந்தக்காரர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து இளகிய குரலில் படித்துக் காட்டினார்கள். நடுவில் யாராவது ஒருவர், "பாவம், எப்படி இருந்த மனுசன்" என்று சொல்லாமல் இருக்கமாட்டார். ஒருநாள் என் அண்ணன் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கிக் கிழித்தே போட்டார்.

"எனக்கு எவனும் பாவம் பாக்க வாணாம். எழுந்து போங்கடா."

அதற்குப் பிறகு பேச்சும் நின்றுவிட்டது. இந்த மனிதரை இப்படியே சுவரோடு விட்டால் என் கையில் தங்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோவிலுக்குப் போய் அழுவதும் வருவதுமாக இருந்த சமயத்தில்தான் அந்த மழை.

அவரை நூலகத்துக்கு அழைத்துப்போக நான் ஒரு பொய் சொன்னேன். ஆதாருக்கு ஏதோ கையெழுத்து வேண்டுமாம் என்றேன். பெருமாள் மன்னிக்கட்டும். அங்கே போனதும் விஷயம் தெரிந்து வாசலிலேயே முறுக்கிக்கொண்டார்.

"இன்னா, பாவம் பாத்துப் படிக்கறதுக்கு இங்க ஒரு ஆள் வச்சிருக்கியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா, "சார், நீங்க உறுப்பினரா?" என்றார்.

"இல்ல."

"உறுப்பினர் இல்லாதவங்களுக்கு ஒன்பதாவது சேவை கிடையாது. விண்ணப்பம் வாங்கிக்குங்க."

இவருக்கு அது சுருக்கென்று குத்தியது. கிடையாது என்று ஒருத்தர் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. "குடும்மா இங்க" என்று கையை நீட்டினார். நான் சொல்லச் சொல்ல அந்த அம்மாவே நிரப்பினார். கடைசியில் கையெழுத்து. நான் அவருடைய கட்டைவிரலைப் பிடித்தேன். பேங்கில் அப்படித்தான் மை தடவி வைத்தார்கள்.

"கையெழுத்துன்னு எழுதியிருக்கு. ரேகைன்னு எழுதலை" என்றார் அந்த அம்மா. ஒரு மரஸ்கேலைக் காகிதத்தின்மேல் கோட்டை ஒட்டி வைத்து, இவர் விரலை அதன் விளிம்பில் வைத்தார். "இந்த ஓரத்தை ஒட்டியே எழுதுங்க சார்." இவர் எழுதினார். பழைய கையெழுத்து, அதே சுழி, அதே இழுப்பு. எழுதி முடித்துவிட்டு ஸ்கேலை உடனே கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு வாசிப்பு ஆரம்பித்தது. கொலையும் தங்கம் விலையும் சினிமா விளம்பரமும் எல்லாம் ஒரே குரல்தான். எதையும் விடமாட்டார். ஏல அறிவிப்பு, டெண்டர், காணவில்லை, பெயர் மாற்றம், கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர் வெளியிட்டவர் வரை.

"டெண்டரெல்லாம் வாணாம்மா."

"செய்தித்தாள்ல இருக்கு சார்."

"அதுக்கு? கிணறு தோண்டப் போறனா நானு?"

"தெரியாது சார். ஒப்பந்தப்புள்ளி திறக்கப்படும் நாள்..." என்று தொடர்ந்து போவார்.

இவர் முனகுவார், சண்டை பிடிப்பார், போன வாரம் வேறு மாதிரி போட்டிருந்தானே என்பார். ஆனால் ஒரு மணி ஆகிவிட்டால் வீட்டில், "மணி இன்னா ஆவுது? என் சட்டை எங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். தானே குளித்தார். தட்டில் சோறு மிஞ்சவில்லை. நான் பெருமாளுக்குத் துளசி மாலை சாற்றினேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பலகைக்கு நேர் எதிர்ச் சுவரில், 'அமைதி காக்கவும்' என்று ரொம்ப வருஷமாக ஒரு போர்டு இருந்தது. அதையும் மேலிடம்தான் அனுப்பியது. படித்துக் காட்டினால் அமைதி போகிறது. அமைதி காத்தால் ஒன்பதாவது சேவை போகிறது. வேறு யாராக இருந்தாலும் இரண்டில் ஒன்றைக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். அந்த அம்மா என்ன செய்தார் என்பது எங்கள் மாடி ரூமில் குடியிருந்த மாரிச்செல்வி சொல்லித்தான் தெரியும். தென்காசிப் பக்கத்துப் பெண். ஏதோ கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்க நூலகத்துக்குப் போய்வருவாள்.

"அக்கா, அங்க மேசையில ஒரு புகார் நோட்டு கெடக்கு லா, அதத் தொறந்து பாத்தேன். அந்த அம்மா தன் மேலயே புகார் எழுதிருக்காவ."

"தன் மேலயேவா?"

"ஆமாக்கா. தெனமும் எழுதுதாவ. 'புகார்: நூலகர் உரத்த குரலில் வாசித்தார். புகார் கொடுத்தவர்: நூலகர். நடவடிக்கை: நூலகர் எச்சரிக்கப்பட்டார்.' எச்சரிச்சது யாருங்கிய? அதுவும் அவியதான். எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிட்டு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் செய்த தப்பை நாமே சொல்லி நாமே கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரிதானே அது.

கொஞ்ச நாளில் ஒரு பேச்சு அடிபட்டது. எங்கள் நூலகம் சரியாக நடக்கவில்லை, அதனால் காலையில் மட்டும் திறக்கிற பகுதி நேர நூலகமாக மாற்றப்போகிறார்கள் என்று. சரியாக நடக்கவில்லை என்று எப்படித் தெரியும்? மாசாமாசம் ஒரு படிவம் அனுப்ப வேண்டுமாம். பதினாறு சேவைக்கும் பதினாறு கட்டம். மற்ற கிளைகள் பதினாறிலும் 'வழங்கப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிடும். அந்த அம்மா நடந்ததற்கு மட்டும் எழுதி, நடக்காத ஏழுக்குக் கோடு போட்டு அனுப்பினார். அதனால் சுற்றுவட்டாரத்திலேயே எங்களுடையதுதான் மோசமான நூலகம் என்று ஆகிவிட்டது.

காலையில் மட்டும் என்றால் மூன்று மணி வாசிப்பு போய்விடும். இவர் திரும்பவும் சுவரிடம் போய்விடுவார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆபீசர் நேரில் பார்க்க வரப்போகிறார் என்று மாரிச்செல்விதான் சொன்னாள். "வந்தா மொத அந்தப் புகார் நோட்டத்தான் கேப்பாவளாம் அக்கா."

எங்கள் கோவிலில் சன்னதிக்கு வெளியே ஒரு நோட்டு உண்டு. வேண்டுதலை எழுதி வைத்தால் பெருமாள் பாதத்தில் வைப்பார்கள். என் பையன் வேலைக்கு நான் அதில்தான் எழுதினேன், கிடைத்தது. எழுதி வைத்தால் படிக்கப்படும் என்பது எனக்குப் பழகிப்போன நம்பிக்கை. பெருமாளே படிக்கும்போது ஆபீசர் படிக்கமாட்டாரா? அந்த அம்மா பலகையில் இருந்த இன்னொரு சேவைக்காக, மதியம் வயசானவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் புத்தகம் கொடுக்கக் குடை பிடித்துக்கொண்டு கிளம்பிய நேரமாகப் பார்த்துப் போய், நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனாவைப் பிடித்து, அந்த நோட்டில் எழுதினேன். 'இந்த அம்மா நூறு வருஷம் நல்லா இருக்கணும். பெருமாள் துணை.' கீழே என் பேரையும் போட்டேன். தெருவெல்லாம் சொன்னேன். பஞ்சர் கடைக்காரர் எழுதினார். நைட் ஷிப்ட் பையன்கள் எழுதினார்கள். கதை கேட்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் எழுதினார்கள். நான்கு மதியம் நடந்தது இந்தத் திருப்பணி. எங்கள் வீட்டுக்காரர் ஸ்கேல் கேட்டு வாங்கி இரண்டே எழுத்து எழுதினார். 'ஓகே.'

அந்த அம்மா பார்த்தார். பக்கத்தைக் கிழிக்க முடியாது, பக்கத்துக்கு எண் போட்டிருக்கிறது. எழுதியதெல்லாம் புகார் நோட்டில் இருப்பதால் புகார். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எதிரே நடவடிக்கையும் எழுதி வைத்தார். நான் எழுதியதற்கு எதிரே, 'நூறு ஆண்டு ஆயுள் குறித்த கோரிக்கை. இந்த அலுவலகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று' என்று இருந்தது. 'ஓகே' என்பதற்கு எதிரே, 'பதிவு செய்யப்பட்டது.'

ஆபீசர் வந்த அன்றைக்கு நானும் போய் ஒரு ஓரமாக நின்றேன். அவர் உட்காரக்கூட இல்லை. நோட்டின் கடைசி எழுதிய பக்கத்தைப் புரட்டி எண்ணை மட்டும் பார்த்தார்.

"நூத்து நாப்பத்தேழா? ஏம்மா, பக்கத்துக் கிளையில பூஜ்யம். அதுக்கு அடுத்ததுல பூஜ்யம். உங்க ஒருத்தர் மேல மட்டும் நூத்து நாப்பத்தேழு புகாரா?"

"என்னன்னு படிச்சுப் பாருங்க சார்."

"படிக்கிறதுக்கு எங்கம்மா நேரம்? இன்னும் நாலு லைப்ரரி பாக்கணும்."

நான் முன்னால் வந்து கும்பிட்டேன். "ஐயா, அது நாங்க எழுதுனதுங்க. திட்டி எழுதல. அம்மாவ வாழ்த்தி எழுதிகீறோம்."

"வாழ்த்துக்குன்னு பதிவேடு இல்லையேம்மா" என்றார் அவர்.

"ஆமா சார், இல்லை" என்றார் அந்த அம்மா. யார் பக்கம் பேசுகிறார் என்றே புரியவில்லை எனக்கு.

ஆபீசர் படிவத்தை எடுத்தார். "ஏழு கட்டத்துல கோடு போட்டிருக்கீங்க."

"அது நடக்கலை சார்."

"ஒன்பதாவது தினமும்னு போட்டிருக்கீங்க. பேப்பர் சத்தமா படிக்கிறீங்களாமே. யாரு உங்களை இதெல்லாம் செய்யச் சொன்னது?"

"நீங்கதான் சார்" என்று பலகையைக் காட்டினார்.

ஆபீசர் திரும்பி அந்தப் பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முதல்முறையாகப் பார்க்கிறார் என்று அவர் முகமே சொன்னது. "இது எல்லாக் கிளைக்கும் பொதுவா அனுப்பினதும்மா."

"ஆமா சார். இங்கயும் வந்துது."

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. வாசகர்களிடமிருந்து அதிகமான புகார் வந்திருப்பதால், வாசகர்களே வராத இடத்துக்கு, படப்பை தாண்டி ஒரு புத்தகக் கிடங்குக்கு மாற்றம்.

அவர் அலமாரிச் சாவியை எண்ணிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "பாவி நான்தாம்மா பண்ணிட்டேன். உங்க வேலைக்கு நான்தான் ஒல வச்சேன்" என்று அழுதேன். அவர் சாவியைக் கீழே வைத்தார். "தப்பான நோட்டுல எழுதினீங்க. ஆனா பேரு போட்டு எழுதியிருந்தீங்க" என்றார். அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்வதா, ஆறுதல் என்று எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை தெரியவில்லை.

புதிதாக வந்தவர் தங்கமான மனிதர். எல்லோரையும் சிரித்த முகமாக வரவேற்பார். படிவத்தில் பதினாறு கட்டத்திலும் 'வழங்கப்பட்டது' என்று எழுதி அனுப்பினார். பகுதி நேரப் பேச்சு தானாக அடங்கியது. அடுத்த மாதமே, 'அனைத்துச் சேவைகளையும் தினமும் சிறப்பாக வழங்கும் கிளை' என்று ஒரு சான்றிதழ் வந்து, கண்ணாடி போட்டு மாட்டப்பட்டது. மதியம் மூன்று மணிக்கு நூலகம் திறந்துதான் இருந்தது. அமைதியாகவும் இருந்தது.

நான் இவரை அழைத்துப் போனேன். புதியவர் எழுந்து வந்து இவர் கையைப் பிடித்து, "வாங்கையா, எப்ப வேணா வந்து ஃபேன் கீழ உக்காருங்க. பாவம், வீட்டுலயே எவ்ளோ நேரந்தான் இருப்பீங்க" என்றார். இவர் கையை விடுவித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றினார். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தட்டில் மறுபடி சோறு மிஞ்சியது. ஒரு மாதம் அப்படிப் போயிற்று.

பிறகு ஒருநாள் அவராகவே வாயைத் திறந்தார். "அந்தம்மா எங்க கீறாங்களோ அங்க இட்னு போ."

ஒரகடத்தில் பஸ் ஏறி, படப்பையில் மாறி, விசாரித்து விசாரித்துப் போனோம். தகரக் கூரை போட்ட பெரிய கட்டடம். ஆள் உயரத்துக்குப் புத்தகக் கட்டுகள். நடுவில் ஒரு மேஜை போட்டு அந்த அம்மா புத்தகங்களில் எண் ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அன்றைய பேப்பர் மடித்தபடி இருந்தது.

"அம்மா, நான்தாம்மா" என்றார் இவர்.

"தெரியுது சார். உட்காருங்க." நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவந்து இவர் கையில் பிடிக்கக் கொடுத்தார்.

"அம்மா, இவருக்கு ஒரு பக்கம் படிங்கம்மா" என்றேன். "ரெண்டு பஸ்ஸு மாறி வந்துகீறோம்."

"இது கிடங்கும்மா. இங்க வாசகர் சேவை இல்லை."

"யாருமா பாக்கப் போறாங்க? ஆளே இல்லியே இங்க."

"எங்க எழுதியிருக்கு?"

எனக்கு நெஞ்சே விட்டுப்போயிற்று. இத்தனை நாள் இந்த மனுஷியைத் தெய்வத்துக்குச் சமமாக நினைத்து விளக்கேற்றினேனே என்று இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தார்.

"சார், உங்க கிளையில அந்தச் சேவையை எடுத்துட்டாங்களா?"

"தெரியல."

"பலகையைக் கழட்டினாங்களா?"

"இல்லம்மா, அங்கதான் மாட்டிகீது" என்றேன் நான்.

"கேட்டீங்களா சார்?"

இவர் இல்லை என்று தலையாட்டினார்.

"கேக்காம எப்படி சார்?" என்று சொல்லிவிட்டு, பசையைத் தொட்டு அடுத்த புத்தகத்தில் எண் ஒட்டினார். நாங்கள் வாசலைத் தாண்டும்போதும் அந்தப் பேப்பர் பிரிக்கப்படாமல் அப்படியேதான் கிடந்தது.

பஸ்ஸில் நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் ஏதோ சத்தம். இவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண் போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரிக்கிறார்.

"இன்னாத்துக்கு அழுவுற?"

"ஒரு பக்கம் படிச்சா அவங்க சொத்தா போயிடும்?"

"படிச்சிருந்தா எல்லாம் போயிருக்கும்டி" என்றார். "இத்தினி நாளும் பாவம் பாத்துதான் படிச்சாங்கன்னு ஆயிருக்கும். இல்லன்னு சொன்னாங்க பாரு. அப்போ அங்க படிச்சது எனக்குச் சேர வேண்டியது. அவங்க குடுத்தாங்க, நான் வாங்கினேன்."

பஸ் ஒரகடம் வரும்வரைக்கும் அவர் அப்படியே சிரித்த முகமாக இருந்தார். எனக்கு அழுகை நிற்கவில்லை. ஆனால் எதற்கு அழுகிறேன் என்பது பாதி வழியில் மாறிவிட்டது.

மறுநாள் மதியம் சட்டையை அவரே தேடிப் போட்டுக்கொண்டார். மூன்று மணிக்கு நூலகத்தில் புதியவரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. உறுப்பினர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சார், ஒன்பதாவது சேவை."

"அது வந்துங்கையா... அதுக்கு மிஷின் கேட்டிருக்கோம். இன்னும் வரல."

"மிஷின்னு எழுதலியே. வாசிப்புன்னுதான எழுதிகீது."

"இல்லைங்கையா, ஆளும்..."

"மாசாமாசம் குடுத்துட்டதா எழுதி அனுப்பறீங்க. சுவத்துல அதுக்குக் கண்ணாடி போட்டு மாட்டிகீறீங்களாம், எங்க வூட்ல படிச்சு சொன்னாங்க. ஒரு மாசமா எனக்கு வந்து சேரல. போனது போவட்டும். இன்னிலேர்ந்து வாங்கிக்கறேன்."

அவர் சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்ப்பதைப் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்த பையன்கள் இரண்டு பேர் தலையைத் தூக்கினார்கள். மனிதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேப்பரை எடுத்துப் பிரித்தார். இவர் அப்போதுதான் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

தலைப்புச் செய்தியைக் கடகடவென்று படித்துவிட்டு அவர் அடுத்த பக்கத்துக்குத் தாவினார். இவர் கையை உயர்த்தினார்.

"அவசரம் வாணாம் சார். முதல்லேர்ந்து ஒழுங்கா படிங்க. எனக்கு டைம் கீது."